முதலாம் திகதி வருவதாகச் சொன்னவன்

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று மாசி மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை, வளர்பிறைச் சப்தமி. காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு முன்னறையில் நொச்சிப் புகை மணந்தது. மணம் வந்த நேரத்தை உடனே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

புத்தூரில் இந்த வீட்டில் விறகு எரிந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. கறி காஸ் அடுப்பில் வேகிறது. சோற்றை ரைஸ் குக்கர் பார்த்துக்கொள்கிறது. வேலிகள் இருந்த இடமெல்லாம் மதில்கள் எழுந்துவிட்டன. ஒழுங்கையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு நொச்சிப் பற்றைகூட இல்லை. மகள் கனடாவிலிருந்து சொல்லி அனுப்பிய குளிரூட்டியைப் பொருத்துவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து நசீர் என்ற மின்வேலைக்காரர் வந்திருந்தார். புதிய வயர் இழுப்பதற்காக முன்னறையின் பழைய சுவிச்சைக் கழற்றினார். மரக்கட்டையில் பூட்டிய கறுத்த வட்டச் சுவிச்சு அது. கழற்றியதும் ஓரடி பின்னால் வந்தார்.

"ஐயா, இதுக்குள்ளை என்ன எரியுது?"

"வயராய் இருக்குமோ?" என்று கேட்டேன். எனக்கு விடை தெரியும், ஆனாலும் கேட்டேன்.

மூக்கைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். "வயர் எரிஞ்சால் நெஞ்சைக் கரிக்கும். இது பச்சை இலை போட்டுப் புகைக்கிற மணம். சுவர் வேறை குளிர்ந்துபோய்க் கிடக்கு."

என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆரும் குப்பை கொளுத்தினமாக்கும். இஞ்சாருங்கோ, அதுக்கும் நேரம் எழுதியாச்சோ?"

நசீர் சிரிக்கவில்லை. திருகாணியைச் சட்டைப் பைக்குள் போட்டபடி சொன்னார்: "தொண்ணூறிலை எங்களை வெளியேத்தி, நாங்கள் இருவது வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்து வீட்டைத் திறக்கேக்கை அடுப்பிலை சாம்பல் சூடாய்க் கிடந்ததெண்டு உம்மா சொல்லுவா. வாப்பா ஏசுவார், நாயோ பூனையோ படுத்தெழும்பியிருக்குமெண்டு. உம்மா கேக்கமாட்டா. ஆரோ எங்களுக்காகக் காவலிருந்தவை எண்டுதான் கடைசி வரைக்கும் சொன்னவ."

காவலிருந்தவை. அந்தச் சொல்லைக் கேட்டபின் கதிரையில் அமர்ந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

நேற்று உங்களுடைய ஐம்பத்திரண்டாவது திவசம். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு பெப்ரவரி இருபத்தெட்டாம் திகதி, வியாழக்கிழமை, மாசி வளர்பிறைச் சட்டித் திதியில் நீங்கள் காலமானீர்கள் என்று இறப்புப் பதிவில் இருக்கிறது. இறந்த நாளின் திதியில்தானே திவசம் கொடுப்பது. ஆகவே ஆண்டுதோறும் சட்டியில் கொடுத்து வருகிறேன். ஐயரை நேரத்துக்கு அழைப்பேன். இலையைச் சரியான திசையில் போடுவேன். ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் சட்டியன்று இந்த வீட்டில் ஒன்றும் நிகழ்வதில்லை. மறுநாள் சப்தமியில் புகை மணக்கத் தொடங்கும். தசமி கழிந்ததும் நின்றுவிடும். என் நாட்குறிப்புகளில் எல்லா வருடமும் இது பதிவாகியிருக்கிறது. போரில் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த வருடத்திலும் மணந்தது. அங்கு ஐம்பது குடும்பங்களின் அடுப்புகள் எரிந்தன. இருந்தாலும் நொச்சிப் புகை எனக்குப் பிரித்துத் தெரிந்தது.

முதல் திவசம் முடிந்து இலையை எடுக்கும்போது அம்மா சொன்னது: "அவன் இண்டைக்கு வந்த மாதிரித் தெரியேல்லை." அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்லவேண்டும். அதற்கு முன்னர் அந்தக் காணியைப் பற்றி எழுதியாகவேண்டும். அங்கே நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை அறிந்தவர் உங்களைத் தவிர வேறு யாருமில்லை.

வன்னியில் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறுபவர்களுக்குக் காணி கொடுத்தார்கள். உங்கள் பெயருக்கு மூன்று ஏக்கர் கிடைத்தது. காணி என்று அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தபோது வீரை மரமும் பாலை மரமும் முள்ளும்தான் இருந்தன. நாங்கள் இருவரும் கோடரியோடு இறங்கிய நாள் எழுபத்திரண்டாம் ஆண்டு யூன் பதினொன்று. முதல் மரம் விழுவதற்கு ஒன்றரை நாள் பிடித்தது. அதன் அடியில் நீங்கள் இருந்துகொண்டு, "தம்பி, இப்பிடி ஒண்டுக்கு ஒண்டரை நாளெண்டால் உன்ரை கணக்குக்கு எத்தினை வருசம் வரும்?" என்று கேட்டீர்கள். நான் மரங்களை எண்ணத் தொடங்கினேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

தண்ணீருக்கு ஒன்றேகால் மைல் நடக்கவேண்டும். காவுதடியின் இரு முனையிலும் தகர வாளி. திரும்பி வருவதற்குள் கால்வாசி சிந்திவிடும். மீதியில் தேற்றாங்கொட்டையை உரைத்து, கலங்கல் அடியில் படியும்வரை காத்திருப்போம். தாகம் வந்து ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகுதான் குடிக்கலாம். மழைக்காலத்தில் விறகு பற்றாது. ஊதி ஊதித் தலை சுற்றும். பொழுது சாயும்போது நுளம்பு முகில் போல இறங்கிக் கடிக்கும். அதற்காக மாலை நாலரை மணிக்கே குடிலின் வாசலில் நெருப்பை மூட்டிப் பச்சை நொச்சிக் கொப்புகளை மேலே போடுவோம். அந்தப் புகைக்குள் இருந்தே உண்போம், கதைப்போம், உறங்குவோம். கண் எரியும், ஆனால் புகை இல்லாவிட்டால் காய்ச்சல். யானையை யானை என்று சொல்லமாட்டீர்கள். "பெரியவர் வந்திட்டுப் போயிருக்கிறார்" என்பீர்கள், ஏதோ கிராமசேவகர் வந்து போனதைப் போல.

இன்று இந்த வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, அண்ணை. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். அது விழும் சத்தத்தைக் கேட்டபடி சில வேளைகளில் சும்மா நிற்பேன். மனைவி வந்து பூட்டிவிட்டுப் போவாள். வசதி வந்து மனிதரைக் கெடுத்துவிட்டது என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒருவரும் காவுதடி சுமந்தவர்கள் அல்லர். மின்விசிறியின் கீழே நுளம்புக் கடி இல்லாமல் ஒரு பிற்பகல் உறங்கி எழுவது என்ன பேறு என்பதை நான் அறிவேன். குளிர்சாதனப் பெட்டியில் மோர் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் அரை மணி நேரம். ஒவ்வொன்றையும் நான் மதிக்கிறேன், ஒன்றையும் வெறுக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் என்னால் முழு மனத்தோடு தொட முடிந்ததில்லை. அது அந்த வட்டச் சுவிச்சு.

காணியில் ஆள் இல்லை என்று கண்டால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வார்கள். குடியேற்ற அதிகாரி சைக்கிளில் வரும்போது குளக்கட்டில் நின்று பார்ப்பார். புகை எழும் காணியில் ஆள் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார். அதற்காகவே நாங்கள் முறை வைத்தோம். மாதத்தின் முதற் பாதி நான், பிற்பாதி நீங்கள். முதலாம் திகதியும் பதினாறாம் திகதியும் மாறுவது. வருகிறவர் வேலியில் ஆள் நுழையும் கடப்பில் நின்று "நான் வந்திட்டன்" என்று சொல்லவேண்டும். இருப்பவர் காட்டுக்கத்தியைக் கையில் கொடுத்து "அப்ப நான் போறன்" என்று சொல்லவேண்டும். இந்த இரண்டு சொல்லும் சொல்லாமல் ஒருவரும் காணியை விட்டு அசைவதில்லை. "ரயிலுக்கு ஸ்ரேசன் மாஸ்ரர் ரோக்கன் மாத்திற மாதிரி," என்பீர்கள். "நீ வந்து சொல்லுமட்டும் நான் இந்த இடத்தை விட்டு அரக்கமாட்டன். வெறுங்காணியெண்டு ஒருத்தனும் சொல்லக்கூடாது."

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கிழக்குக் காணிக்காரர் பொன்னுத்துரையர் ஒரு கூ விடுவார். நாங்கள் ஒரு கூ திருப்பி விடுவோம். ஒன்றென்றால் சுகம், இரண்டென்றால் ஓடி வரவேண்டும். இடையில் கால் மைல் காடு என்பதால் முகம் பார்க்கும் வேலை இல்லை. குரலுக்குக் குரல், அவ்வளவுதான்.

நாள் தவறிவிடக்கூடாது என்று குடிலைத் தாங்கிய நடுக்கப்பில் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்றை நான்தான் தொங்கவிட்டேன். "உன்ரை கலண்டரைக் கண்டுதான் பெரியவரும் பயப்பிடுறார், தவணைக்கு வாறார்," என்று பகிடி பண்ணினாலும், விடிந்ததும் முதல் வேலையாகப் பழைய நாளின் தாளைக் கிழித்து, அதை வைத்தே நெருப்பு மூட்டுவீர்கள்.

எழுபத்து நான்காம் ஆண்டு பெப்ரவரி இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, உங்களுடைய தபாலட்டை வந்தது. "சாடையான காய்ச்சல். குளிசை முடிஞ்சுது. முதலாம் திகதி வரேக்கை கொண்டு வா. அவசரமில்லை." மறுநாளே மருந்துக்கடையில் குளிசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதலாம் திகதி வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வருவதாகச் சொன்னார்கள்.

வயரிங் வேலை முடிந்து சுவிச்சும் பூட்டியாகிவிட்டது. கம்பத்திலிருந்து தொடுப்பதுதான் மீதி. காலை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு நின்ற நான், பகலுக்குள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். அன்று அவர்கள் வரவில்லை. சனிக்கிழமை பிற்பகல் வந்தார்கள். மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு அந்த வட்டச் சுவிச்சை அழுத்தினேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. சுவரில் இத்தனை வருடமாக நாங்கள் காணாத வெடிப்புகள் எல்லாம் தெரிந்தன. ஒழுங்கைச் சனம் எங்கள் வாசலில் நின்றது.

வெள்ளியும் சனியும் போகாததற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் காரணம் கிடையாது. அன்று காலை பஸ் இருந்தது. "நீ இண்டைக்குப் போகேல்லையோ? அவன் பாத்துக்கொண்டெல்லோ இருப்பான்," என்று அம்மா இரு முறை கேட்டா. "அவசரமில்லையெண்டுதானே அண்ணை எழுதினவர்," என்றேன். இன்னுமொரு மாலை அந்த வெளிச்சத்தில் இருக்கவேண்டும் போல இருந்தது. இருந்தேன். கதிரையை விளக்கின் நேர் கீழே இழுத்துப் போட்டு, பத்திரிகையின் மரண அறிவித்தல்கள் வரை ஒரு வரி விடாமல் வாசித்தேன். குளிசை என் சட்டைப் பையில் இருந்தது.

நான்காம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்குக் கடப்படிக்கு வந்தேன். குடில் வாசலில் புகை எழுந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் மனம் ஆறியது. பிந்தியதற்கு நீங்கள் ஏசுவதற்கு முன்னர் நானே முந்திக்கொள்ள எண்ணினேன். வழக்கமான சொல்லை விட்டுவிட்டு, கடப்பில் நின்றபடி பலத்த குரலில் கூவினேன்: "அண்ணை, வீட்டுக்குக் கறண்ட் வந்திட்டுது!"

ஒரு பறவைகூடச் சத்தமிடவில்லை.

நீங்கள் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தீர்கள். அதற்குமேல் உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. பொன்னுத்துரையரும் அவரோடு நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியாரும் வந்தார்கள். பரியாரியார் உங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கை கழுவினார். "மூண்டு நாளாச்சுத் தம்பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் உயிர் போயிருக்கவேணும்."

பொன்னுத்துரையர் அவரை முறைத்துப் பார்த்தார். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நேற்றுப் பின்னேரமும் கூ விட்டவன். முந்தநாளும் விட்டவன். என்ரை காதாலை கேட்டனான்."

"ஒண்டோ, ரெண்டோ?"

"ஒண்டுதான். சுகமெண்டுதானே நான் பேசாமல் இருந்தனான்."

பரியாரியார் குடிலுக்குள் கையைக் காட்டினார். அடுப்படியில் கஞ்சிச் சட்டி மூடாமல் இருந்தது. கஞ்சியின் மேல் விரற்கடை உயரத்துக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது. குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரும் உண்ணவோ குடிக்கவோ இல்லை என்பது குழந்தைக்கும் விளங்கும்.

நான் நடுக்கப்பைப் பார்த்தேன். நாட்காட்டியின் மேல்தாள்: நாலு, திங்கள். அன்றைய நாள். வாசலுக்கு வந்து புகைந்துகொண்டிருந்த நெருப்பைக் குனிந்து பார்த்தேன். நொச்சி இலைகள் பச்சையாக, அன்று ஒடித்தவையாக இருந்தன. சாம்பலின் ஓரத்தில் எரிந்து மீந்த ஒரு கடதாசித் துண்டு. அதில் சிவப்பு மையில் மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பில்தான் அச்சடிப்பார்கள்.

அண்ணை, இதில் எது உண்மை என்று ஐம்பத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாட்காட்டி சொன்னது உண்மையென்றால், நீங்கள் திங்கட்கிழமை விடியும்வரை உயிரோடு எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் ஞாயிறு புறப்பட்டிருந்தால் குளிசை உங்கள் நாக்கில் இருந்திருக்கும். பரியாரியார் சொன்னது உண்மையென்றால், வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு நான் கடப்படியில் நின்றிருந்தால் உங்கள் முகத்தையாவது கண்டிருப்பேன். அதற்குப் பின்பு நெருப்பு மூட்டியதும், தாள் கிழித்ததும், பொன்னுத்துரையருக்குப் பதில் சொன்னதும் யார்?

அன்று மாலையே குளக்கரையில் தகனம் செய்யவேண்டியதாயிற்று. மறுநாள் பதிவுக்காரர் கேட்டார்: "என்ன திகதி போடுறது?" நான் வெள்ளியென்று சொல்லவில்லை. திங்கள் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, பெப்ரவரி இருபத்தெட்டு என்றேன். வெள்ளிக்கு ஒரு நாள் முந்திப் போட்டால் போதும். நான் சொன்ன நாளில் போயிருந்தாலும் பயனில்லை என்றாகிவிடும். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். நாட்காட்டியை என் மாற்றுச் சாரத்துக்குள் சுற்றி எடுத்து வந்து பெட்டியின் அடியில் வைத்தேன். பொன்னுத்துரையர் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அந்தக் காணிக்குத் திரும்பிப் போகவில்லை.

என் வாழ்நாளில் நான் எழுதிய திகதிகளில் பொய்யானது அது ஒன்றுதான். அந்தப் பொய்த் திகதியில் ஐம்பத்திரண்டு முறை உங்களைச் சாப்பிட அழைத்திருக்கிறேன்.

நசீர் வேலையை முடித்துச் சென்றபின், நாட்குறிப்பில் இருந்த ஓர் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் பொன்னுத்துரையர் காலமானபோது அவருடைய மகன் எனக்கு அறிவித்த இலக்கம். இப்போது கிழக்குக் காணியைச் செய்வது அவர்தான்.

"எங்கடை பழைய காணியிலை இப்ப ஆர் இருக்கினம், தம்பி?"

"அதிலையோ? ஒருத்தரும் இல்லை ஐயா. காடு மூடிப்போச்சு."

"ஒருத்தரும் கேட்டு எடுக்கேல்லையோ?"

அவருக்குப் பின்னால் உழவு இயந்திரம் ஒன்று இரைவது கேட்டது. "கேட்டவை. அதிகாரிமார் வந்து பாக்கிறவை. பாத்திட்டு, ஆள் இருக்குதெண்டு எழுதிக்கொண்டு போவினம்."

"ஏனப்பிடி?"

"பின்னேரத்திலை புகை வாறது, ஐயா. ரெண்டாயிரத்துப் பத்திலை நாங்கள் முகாமிலையிருந்து திரும்பி வரேக்கை இஞ்சை ஒரு வீட்டுக்கும் கூரையில்லை, ஒரு அடுப்பும் எரியேல்லை. அந்த மூலையிலை மட்டும் புகை போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் பாக்கிறேல்லை. பழகிப்போச்சு."

நான் கேட்கத் துணியாததை அவரே சொன்னார்: "அப்பா கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கம் பாத்துக் கூக்காட்ட வேண்டாமெண்டு. பதில் வந்திடுமாம்."

கைபேசியை மேசையில் வைத்தேன். குளிரூட்டி பதினெட்டுப் பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

நீங்கள் சொன்னதைச் செய்திருக்கிறீர்கள். நான் வந்து சொல்லுமட்டும் அரக்கமாட்டேன் என்றீர்கள், அரக்கவில்லை. நான் அன்று கடப்பில் நின்று சொன்னது வேறு சொல். மின்சாரம் வந்துவிட்டது என்று சொன்னேன். நான் வந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே உங்கள் முறை இன்னும் முடியவில்லை. முதற் பாதியும் பிற்பாதியும் நீங்களே நிற்கிறீர்கள். இங்கே நான் குழாயைத் திருகும் நேரத்தில் அங்கே குடம் வற்றிக் கிடக்கிறது. நான் விசிறியின் கீழ் உறங்கும் நேரத்தில் நீங்கள் நொச்சி ஒடிக்கிறீர்கள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கு இன்றுதான் தெரியும். கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் சேலைத் தலைப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்றும் நினைத்தேன்.

"அத்தானுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமோ?" என்று கேட்டாள்.

"பொரிச்சுக் குழம்பு வைச்சால் பிடிக்கும்."

"அப்ப நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்? பிந்தி வெளிக்கிட்டுப் போட்டு என்னிலை பழி போடக்கூடாது."

காலை ஐந்தே முக்காலுக்கு வானுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நாளில் இரண்டு பஸ்ஸும் ஒரு ட்ரக்ரரும் மாறி, ஐந்து மைல் நடந்து, முக்கால் நாள் எடுத்த பயணம். இப்போது கறுத்த தார் வீதியில், கண்ணாடி பூட்டிய குளிர் வானில், இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாமாம். பாதை இத்தனை இலகுவாகி எத்தனையோ வருடங்கள். வராமல் இருந்ததற்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த காரணம்கூட இல்லை.

நாளை அட்டமி. அந்த வெள்ளிக்கிழமை நண்பகலோடு சப்தமி கழிந்து அட்டமி பிறந்தது; பரியாரியார் சொன்ன பின்னேரத்தின் திதி அதுதான். வியாழக்கிழமை தசமி, நாட்காட்டி சொன்ன திங்கட்கிழமையின் திதி. இரண்டில் எது உங்களுடையது என்று நான் இனித் தீர்மானிக்கப் போவதில்லை. நாளை அங்கே ஓர் இலை போடுவேன்; வியாழக்கிழமை இங்கே ஓர் இலை. இரண்டில் ஒன்று தவறென்றால் தவறாகவே இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்து நாட்காட்டியை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். தாள்கள் பழுத்துப்போய்விட்டன. நொச்சி மணம் அதில் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மேல்தாளின் ஓரத்தில், கிழிப்பதற்குப் பிடிக்கும் இடத்தில், கரி பட்ட ஒரு பெருவிரல் அடையாளம் இருக்கிறது. நாலு, திங்கள். அதை அன்று நான் கவனிக்கவில்லை. நான் வந்து சேராவிட்டால் ஐந்தாம் திகதி விடிந்ததும் கிழிப்பதற்குப் பிடித்துப் பார்த்த விரல் அது.

பையில் இன்னும் ஒரு பொருள் உண்டு. நசீர் கழற்றித் தந்த வட்டச் சுவிச்சு. அதைக் கொண்டுபோய் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் இடம் கொடுக்கவில்லை.

நாளை மாலை நாலு ஐம்பத்தைந்துக்குக் கடப்பு இருந்த இடத்தில் நிற்பேன். ஐந்து மணிக்கு ஒரு கூ விடுவேன். எழுபத்தெட்டு வயதுத் தொண்டை. எவ்வளவு தூரம் கேட்குமோ தெரியாது. பதில் வந்தால் பயப்படமாட்டேன் என்று எழுத விரும்புகிறேன். அதுவும் பொய்த் திகதி போல ஆகிவிடக்கூடாது. பயப்படுவேன். ஆனாலும் திரும்பி ஓடமாட்டேன். காட்டுக்கத்தியை வாங்குவதற்கு வலக்கையை நீட்டியபடி, அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லுவேன்.

நான் வந்திட்டன், அண்ணை.

அதற்குப் பிறகு நீங்கள் சொல்லவேண்டியது உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டபின் நாலாம் திகதித் தாளை நான் கிழிக்கிறேன்.

உங்கள் தம்பி